ஒப்பாரிக் கோச்சி

தெமோதரைப் புகையிரத நிலையம் ஒரு சுரங்கத்தின் தலைமீது அமர்ந்திருக்கிறது. எல்லப் பக்கமிருந்து வந்து நின்ற வண்டி, பதுளை நோக்கிப் புறப்பட்டதும் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, சற்றுமுன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியில் புகுந்து வெளிப்படும். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டிய காட்சியே பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு இவ்வளைவை அமைக்கும் எண்ணத்தைத் தந்தது என்று எம் பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. கதையின் மெய்பொய்யை ஆராய்வது எமது நோக்கமன்று. 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய அந்தப் பாதை எவர் பறித்த தேயிலையை ஏற்றிச் செல்லப் போடப்பட்டதோ, அம்மக்களுக்கு அதன் வரலாற்றில் கிடைத்த இடம் ஒரு தலைப்பாகையின் அளவே என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

இந்நாளில் அப்பாதையின் பெருமை வேறு. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகின் பல நாடுகளிலிருந்தும் இளைஞரும் யுவதிகளும் வருகின்றனர். முதுகில் தம் உடலின் பாதியளவு பொதி. காலில் தேய்ந்த செருப்பு. வண்டியின் வாசற்படியில் அமர்ந்து மலைக்காற்றை முகத்தில் ஏந்திய வண்ணம் செல்வார்கள். பாதையோரச் சரிவில் எம் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பர். அவர்களின் முதுகிலும் சுமை உண்டு. இருசாராரும் ஒருவரையொருவர் நோக்கிக் கையசைப்பர். அந்தக் கையசைப்புக்கு அப்பால் ஒரு சொல்லும் பரிமாறப்படுவதில்லை.

எமது பழைய மாணவர் ஒருவரின் மகன் எல்லவில் ஒரு விடுதியில் பரிமாறும் வேலை செய்கிறான். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் அவன் எம் வீட்டுக்கு வந்து, சட்டைப்பைக்குள் அடங்கும் அளவான கறுப்பு வெள்ளை அட்டைப் புத்தகமொன்றை மேசைமீது வைத்தான். அறையைக் காலி செய்த பயணி ஒருவர் விட்டுச் சென்றதாம். அகராதியின் துணைகொண்டு ஒரு வாரமாகப் படித்திருக்கிறான். அது அமெரிக்கக் கவிஞர் அலன் கின்ஸ்பேர்க்கின் ‘ஹவ்ல்’. தமிழில் ‘ஓலம்’ எனலாம்.

“சேர், இத எழுதுனவரு ஏன் இப்புடிக் கத்துறாரு? அமெரிக்காவுல அவங்களுக்கு என்னா கொறச்சல்?” என்று கேட்டான்.

இக்கேள்விக்கு எம்மிடம் ஒரு விடை ஐம்பது ஆண்டுகளாகவே ஆயத்தமாக இருந்தது. ‘நசிவு இலக்கியம், வாழத் தெரியாத முதலாளித்துவ இளைஞரின் புலம்பல்’ என்பதே அவ்விடை. அது நாவின் நுனிவரை வந்து நின்றுவிட்டது. அதே விடையை நாம் முன்னொருமுறை ஒரு நண்பர்மீது எறிந்திருந்தோம். அந்தக் கதையைச் சொல்லாமல் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை கூற எம்மால் இயலாது.

* * *

1972ஆம் ஆண்டளவில் பதுளை நகரின் ஒரு கடை மேல்மாடியில் மாதந்தோறும் கூடும் சிறு வாசிப்பு வட்டம் ஒன்றில் நாமும் இருந்தோம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், கணக்கப்பிள்ளைகள், தொழிற்சங்க ஊழியர்கள், ஓரிரு தொழிலாளத் தோழர்கள் என்று பத்துப் பன்னிருவர் கூடுவோம். ‘மல்லிகை’யும் ‘தாமரை’யும் கைமாறிக் கைமாறி ஓரம் கிழிந்து எம்மை வந்தடையும். மக்கள் இலக்கியம் எது, மக்களுக்கு மாறான இலக்கியம் எது என்று தரம் பிரிப்பதில் எமக்கு இருந்த உறுதி இன்று நினைத்தால் வியப்பளிக்கிறது. அமெரிக்க ‘பீட்’ கவிஞர்கள் இரண்டாவது வகையினர் என்பதில் எவருக்கும் ஐயமிருந்ததில்லை. அவர்களின் ஒரு வரியையேனும் எம்மில் ஒருவரும் வாசித்திருக்கவில்லை என்பது வேறு விடயம்.

அந்த வட்டத்துக்கு ஒரு தோழர் தவறாமல் வருவார். தேயிலைத் தொழிற்சாலையில், எம் வழக்கில் சொன்னால் ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை. அவர் கைகளில் தேயிலைச் சாயம் அழியாது படிந்திருக்கும். ஒரு நாள் தாம் எழுதிய நீண்ட கவிதை ஒன்றை வாசித்தார். கொப்பித்தாளின் இருபுறமும் நெருக்கி எழுதியது. ஒவ்வோர் அடியும் லயத்தின் ஒரு காம்பராவின் இலக்கத்தோடு தொடங்கியது. ஒன்றாம் காம்பராவில் தாய்க்கு இந்தியக் கடவுச்சீட்டு, மகனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. இரண்டாம் காம்பரா பூட்டிக் கிடக்கிறது. பூட்டினவர் எங்கேயென்று பூட்டுக்குத் தெரியாது. மூன்றாம் காம்பராவில் ஒரு கிழவி. விண்ணப்பத்தில் எந்நாட்டின் பெயரை எழுதினார்கள் என்று கேட்டுக்கேட்டுச் செத்துப்போனவள். இவ்வாறே லயத்தின் கடைசிக் காம்பரா வரை. யாப்பு இல்லை, எதுகை மோனை இல்லை, மூச்சு முடியும் இடத்தில் அடி முடிந்தது.

வாசித்து முடித்ததும் அறையில் அமைதி நிலவியது. பின்னர் நாம் பேசத் தொடங்கினோம். இதில் தீர்வு எங்கே? வர்க்க எழுச்சி எங்கே? வெறும் அழுகை மக்களைச் சோர்வடையச் செய்யாதா? கடைசியாக, இது அமெரிக்க பீட்னிக்குகளின் நகல் என்று ஒரு குரல் தீர்ப்பு வழங்கியது. அந்தக் குரல் எமது குரல்.

அவர் எம்மை நிமிர்ந்து நோக்கி, “அவங்க யாரு தோழர்? இது எங்க அம்மாயி எழவு வீட்டுல பாடுற மாதிரி எழுதுனது” என்றார். கூடியிருந்தோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அவர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அதை அவர் எவருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

மறு ஆண்டு அவர் குடும்பத்துக்குப் பயண நாள் குறிக்கப்பட்டது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாகியிருந்தது. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பத்தாண்டுகள் தள்ளிவைக்கப்பட்டு, 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளையும் இவ்வளவு எளிதாகப் பங்கிட்டிருக்க மாட்டார்கள்.

இப்பங்கீட்டில் இந்தியாவுக்கெனக் குறிக்கப்பட்டோரைத் தலைமன்னார்த் துறைக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையக மக்கள் ஒரு பெயர் சூட்டினர். ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பது அப்பெயர். நண்பரை வழியனுப்பத் தெமோதரை நிலையத்தில் நின்றோம். பதுளையிலிருந்து வரும் வண்டி முதலில் நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து, பின்னரே மலையைச் சுற்றி மேலேறி மேடையை அடையும். ஆதலால், பதுளையில் ஏறியவர்களின் ஒப்பாரி முதலில் எம் காலடியில், மண்ணுக்குள்ளிருந்து கேட்டது. பின்னர் மலையைச் சுற்றிக்கொண்டு எம் முன்னால் வந்து நின்றது. மேடையில் நின்றோரும் பெட்டிக்குள் இருந்தோரும் சன்னலினூடே கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதனர். பெண்கள் ஒவ்வொருவரும் உறவுமுறை சொல்லி விளித்து, அடிக்கு அடி அதே விளியில் தொடங்கி, மூச்சு ஓயும் வரை நீட்டிப் பாடினர். எமது நண்பரின் கவிதை எந்தப் பள்ளியில் பயின்றது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம். அறிந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது.

* * *

அவர் சென்று பல ஆண்டுகள் கழிந்த பின்னரே பீட் கவிஞர்களை நாம் உண்மையாக வாசித்தோம். வாசித்தபோது எமது தீர்ப்பு இருமடங்கு தவறு என்பது விளங்கியது. நண்பர் எவரையும் நகல் செய்யவில்லை என்பது ஒன்று. நகல் என்று நாம் இகழ்ந்த மூலமும் இகழத்தக்கதன்று என்பது மற்றொன்று.

‘பீட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடிபட்டது, ஓய்ந்து போனது என்ற பொருளும் உண்டு. தாளத்தின் அடி என்ற பொருளும் உண்டு. நாவலாசிரியர் ஜாக் கெருவாக் அதனுள் பேரின்பம் என்ற பொருளையும் கண்டார். தமிழில் ‘அடி’ என்ற சொல் இதைவிட வளமானது. உடலில் விழும் அடி, பறையில் விழும் அடி, செய்யுளின் அடி, நடக்கும் காலடி என அனைத்தும் அதில் அடங்கும். ‘அடிபட்ட தலைமுறை’ என்று 1952 நவம்பரில் நியூயோர்க் ஏடொன்றில் ஜோன் கிளெலன் ஹோம்ஸ் எழுதிய கட்டுரையின் வாயிலாகவே இப்பெயர் பொதுமக்களிடையே பரவிற்று.

போரில் வென்ற நாட்டின் இளைஞர் எதனால் அடிபட்டனர்? எல்லவிலிருந்து வந்த பிள்ளையின் கேள்வியும் இதுவே. 1945 ஆகஸ்டில் இரண்டு குண்டுகள் இரண்டு நகரங்களைச் சாம்பலாக்கின. அக்குண்டுகளைச் செய்த நாட்டில் பிறந்த இளைஞன், இனி எந்த விடியலும் கடைசி விடியலாகலாம் என்ற அச்சத்தோடு வளர்ந்தான். போரின் ஆலைகள் ஓயவில்லை. பீரங்கிக்குப் பதில் மோட்டார் வண்டியும் குளிர்பெட்டியும் தொலைக்காட்சியும் அவற்றிலிருந்து பெருகின. 1947 முதல் லெவிற்றவுன் என்ற பெயரில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அவ்வீடுகளில் கறுப்பு மக்கள் குடியிருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். கொரியப் போர் மூண்டது. செனற்றர் மக்கார்த்தியின் வேட்டை தொடங்கியது. ஆசிரியர், நடிகர், விஞ்ஞானி என எவரும் ‘நீ கம்யூனிஸ்டா?’ என்ற கேள்விக்கு அஞ்சி வாழ்ந்தனர். 1953 ஜூன் 19இல் ரோசன்பேர்க் தம்பதியர் மின்நாற்காலியில் கொல்லப்பட்டனர். வயிறு நிறைந்திருந்தது; வாய் கட்டப்பட்டிருந்தது. அந்நாட்டு இளைஞருக்கு இருந்த குறை இதுவே.

கின்ஸ்பேர்க்கின் வீட்டுக்குள்ளேயே இக்குறை குடியிருந்தது. அவர் தாய் நயோமி ருசியாவிலிருந்து வந்தேறிய யூதப் பெண்; கம்யூனிஸ்ட். மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனைகளில் பல ஆண்டுகளைக் கழித்தவர். மகன் சான்பிரான்சிஸ்கோவில் சந்தை ஆய்வு வேலை பார்த்தார். எந்தப் பொருளை எந்த மனிதன் எதற்காக வாங்குவான் என்று கணக்கெடுக்கும் வேலை. அந்த வேலையை உதறியவர், 1955 அக்டோபர் 7ஆம் நாள் இரவு ‘சிக்ஸ் கலரி’ என்ற சிறு ஓவியக்கூடத்தில் ‘ஓல’த்தின் முதற்பகுதியை வாசித்தார். தம் தலைமுறையில் சிதைந்து போனவர்களை அவர் அதில் ஒவ்வொருவராக எண்ணினார். அடிக்கு அடி ஒரே சொல்லில் தொடங்கி, மூச்சு முட்டும் வரை நீண்டு, மீண்டும் அதே சொல்லுக்குத் திரும்பினார். அடுத்த பகுதியில், குழந்தைகளைப் பலிகொள்ளும் பழைய தெய்வம் ஒன்றின் பெயரால் இயந்திர நாகரிகத்தையும் பணத்தையும் போரையும் விளித்துக் குற்றம் சாட்டினார். இது வாழத் தெரியாதவனின் புலம்பலா? எழவு வீட்டில் எம் அம்மாயிமார் செய்வதும் இதுவன்றோ? இறந்தவனின் பெருமையை எண்ணி எண்ணிச் சொல்லி, அவனைக் கொண்டுசென்றது எதுவோ அதைச் சபிப்பதல்லவா ஒப்பாரி?

புத்தகம் 1956இல் சிற்றி லைற்ஸ் வெளியீடாக வந்தது. 1957 மார்ச்சில் சுங்க அதிகாரிகள் 520 பிரதிகளைப் பறிமுதல் செய்தனர். பின்னர் பதிப்பாளர் லாறன்ஸ் பேர்லின்கெற்றிமீதும், நூலை விற்ற கடைச் சிப்பந்தி ஷிக் முராவோ மீதும் ஆபாச நூல் விற்றதாக வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் நீதிபதி கிளேற்றன் ஹோர்ன், இந்நூல் சமுதாயப் பயன் உடையது, ஆபாசமன்று எனத் தீர்ப்பளித்தார். இவ்வழக்கைப் பற்றிப் பேசுவோர் கவிஞரையும் பதிப்பாளரையும் நினைப்பர். சிப்பந்தியை நினைப்பவர் குறைவு. முராவோ அமெரிக்காவிலே பிறந்தவர், பெற்றோர் யப்பானியர். 1942இல் அரசு ஆணையின் பேரில் யப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேர் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டபோது, அவர் குடும்பமும் அடைக்கப்பட்டது. பிறந்த மண்ணில், பாட்டனின் பிறப்பிடத்தைக் காரணம் காட்டிக் குடியுரிமையைச் செல்லாக்காசாக்கும் வித்தை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று என்பதை மலையகத்தில் பிறந்தோர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

* * *

பீட் கவிஞர்களின் அதே ஆண்டுகளில் எம் மலைகளில் என்ன நிகழ்ந்தது என்பதையும் அருகில் வைத்து நோக்க வேண்டும். 1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. கொரியப் போரினால் இறப்பரின் விலை உயர்ந்து நாட்டின் கருவூலம் நிறைந்த காலத்தில், அந்த இறப்பரையும் தேயிலையையும் விளைவித்தவர்கள் சட்டத்தின் கண்ணில் எந்த நாட்டினரும் அல்லர்.

அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றான தலவாக்கலையில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை, மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர். பாராளுமன்றக் கதவு தம் மக்களுக்கு அடைபட்ட பிறகு, 1954இல், தேயிலைத் தோட்டத்தைப் பாடும் ஒரு நீள்கவிதையை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கின்ஸ்பேர்க் தம் ஓலத்தை வாசித்தது அதற்கு அடுத்த ஆண்டு. இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் செல்வத்தின் நடுவே சிதைந்தவர்களை எண்ணினார். மற்றவர் தேயிலைச் செடியின் அடியில் கல்லறையும் பெயருமின்றிப் புதைந்தவர்களை எண்ணினார். வேலுப்பிள்ளையின் நூலை 1969இல் சக்தீ அ. பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். நாம் நண்பரை நகையாடியபோது அந்நூல் வெளிவந்து மூன்றாண்டுகள்கூட ஆகவில்லை; எமது வட்டத்திலேயே ஒரு பிரதி இருந்தது. அருகில் இருந்த மரபு கண்ணில் படவில்லை; கடல் கடந்த நாட்டின் நிழல் மட்டும் தெரிந்தது.

கவிதையின் வடிவத்தை வைத்து நகல் என்று சொன்னதும் பேதைமையே. கின்ஸ்பேர்க்கின் நீண்ட அடிக்கு மூதாதை வால்ட் விட்மன். அதே விட்மனைப் பற்றி எம் பாரதி மதிப்போடு எழுதியிருக்கிறார். வசன கவிதையும் படைத்திருக்கிறார். விட்மனை வாசித்த ந. பிச்சமூர்த்தி 1934லேயே ‘மணிக்கொடி’யில் புதுக்கவிதை எழுதினார். ‘நகல்’ என்ற பழி வங்காளத்திலும் எழுந்தது. மலாய் ராய் சௌத்ரியும் தோழர்களும் ‘பசித்த தலைமுறை’ இயக்கத்தை 1961 நவம்பரில் தொடங்கினர். கின்ஸ்பேர்க் இந்தியாவுக்கு வந்ததே 1962இல்தான். எனினும் அவர்களை அமெரிக்க பீட்டின் எதிரொலி என்றே பலர் ஏசினர். 1964இல் கைதாகித் தண்டிக்கப்பட்ட மலாயை மேல்நீதிமன்றம் 1967இல் விடுவித்தது. 1965இல் ஆந்திரத்தின் திகம்பரக் கவிஞர் அறுவர் தம் முதல் தொகுதியை ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளியின் கையால் வெளியிட்டனர். வெவ்வேறு நிலங்களில் ஒரே காலத்தில் ஓலம் எழுந்தால், ஒருவரைப் பார்த்து ஒருவர் அழுதனர் என்பதா? அடித்த கை ஒன்றாக இருக்கலாம் என்று ஏன் எமக்குத் தோன்றவில்லை?

* * *

இவ்வளவு கூறியதால் பீட் கவிஞர்களை நாம் குறையற்றோராகக் கொண்டாடுவதாக வாசகர் எண்ணலாகாது. அவர்களுக்கும் எமக்கும் இடையே ஒரு பெரும் பள்ளம் உண்டு. அது பாதையைப் பற்றியது.

கெருவாக் 1951 ஏப்ரலில், ஏறத்தாழ 120 அடி நீளமாக ஒட்டிய தாட்சுருளில் மூன்றே வாரத்தில் தட்டச்சுச் செய்த நாவல் 1957இல் வெளிவந்தது. வீட்டையும் வேலையையும் உதறி நெடுஞ்சாலைகளில் அலைவதே அதன் பொருள். 1958இல் வந்த மற்றொரு நாவலில், முதுகுப்பொதி சுமந்த ஆயிரமாயிரம் இளைஞர் உலகெங்கும் அலையும் காலம் வரும் என்று ஒரு பாத்திரத்தின் வாயிலாகக் கனவு கண்டார். அக்கனவின் பேரப்பிள்ளைகளே இன்று தெமோதரையைக் கடந்து செல்வோர். அந்தப் பாத்திரத்துக்கு மூலமான கவிஞர் கேரி சினைடர், 1961இன் இறுதியில் ஜோன் கைகரோடு யப்பானிலிருந்து கப்பலேறி இலங்கை வழியாக இந்தியாவுக்குச் சென்றார். அங்கு கின்ஸ்பேர்க்கோடு இணைந்தார். சாதாரணப் பயணிகள் அக்காலத்தில் இந்தியாவுக்குச் சென்ற வழி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய கப்பல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. எமது நண்பர் ஏறிய கப்பலும் அதுவே.

ஒரே கடல், ஒரே துறை. ஒருவர் சட்டைப்பையில் கடவுச்சீட்டோடு வீட்டைத் துறந்தார், விரும்பினால் திரும்பலாம். மற்றவருக்குக் கடவுச்சீட்டைக் கொடுத்தே வீட்டைப் பறித்தார்கள், திரும்ப இயலாது. துறவுக்கும் துரத்தலுக்கும் உள்ள வேறுபாடு இது. பீட் கவிதையில் பாதை விடுதலையின் சின்னம். எம் மக்களின் பாடல்களில் பாதை என்பது மன்னாரிலிருந்து மாத்தளை வரை காடுகளினூடே நடந்த பாதை. கூட வந்தோர் விழுந்து கிடந்த பாதை. கெருவாக்கின் நாடோடிகளுக்கு அவ்வப்போது சோறு போட்ட பெண்களும், அவர்கள் விட்டுச்சென்ற குழந்தைகளும் அந்தக் கவிதைகளில் ஓரமாகவே நிற்கின்றனர். அவ்வணியில் நின்ற கறுப்புக் கவிஞர் லீரோய் ஜோன்ஸ், 1965இல் மல்கம் எக்ஸ் கொல்லப்பட்ட பின், அவர்களை விட்டு விலகி ஹார்லெமுக்குச் சென்று தம் மக்களோடு சேர்ந்துகொண்டார். தனிமனித விடுதலையின் எல்லை எது என்பதை அவர் அறிந்திருந்தார். வணிகமும் சும்மா இருக்கவில்லை. 1958இல் ‘பீட்னிக்’ என்ற கேலிப்பெயர் பிறந்ததும், தாடியும் கறுப்புச் சட்டையும் விற்பனைப் பொருளாகிவிட்டன.

ஆயினும் ஒன்று உண்டு. நயோமி 1956இல் இறந்தபோது, யூத மரபுப்படி இரங்கல் மந்திரம் ஓதப் பத்து ஆண்கள் கூடவில்லை. எனவே அது ஓதப்படவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே கின்ஸ்பேர்க் பின்னர் தாய்க்கு ஒரு நெடும் கவிதை எழுதினார். அம்மந்திரத்தின் பெயரையே அதற்குச் சூட்டி 1961இல் வெளியிட்டார். இதை வாசித்தபோது எமக்கு 1972இன் அந்த மேல்மாடி நினைவுக்கு வந்தது. எமது நண்பர் ஒரு லயத்துக்கே இரங்கல் பாட வந்தார். கூடியிருந்தோர் பத்துப் பேருக்கு மேல். ஆனால் அழுவதற்கு ஒருவரும் கூடவில்லை.

ஒப்பாரியைத் தனியே ஒருத்தி பாட முடியாது. ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர் தோளைக் கட்டிக்கொண்டு சேர வேண்டும். அதனால்தான் ஒப்பாரி சோர்வைத் தருவதில்லை. அழுது முடித்த பெண்களே எழுந்து அடுப்பை மூட்டுவர், மறுநாள் பெரட்டுக்குச் செல்வர், வேலைநிறுத்தத்தில் முன்வரிசையில் அமர்வர். ஓலத்தில் தீர்வு எங்கே என்று கேட்டோமே, அதற்கு விடை ஓலத்துக்குள் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த எம்மிடம் இருந்தது. கவிஞன் அழுகையை எடுத்துக்கொடுத்தான். சேர்ந்து பாட வேண்டியது வட்டத்தின் கடமை. அந்தக் கடமையில் நாம் தவறினோம்.

நண்பரிடமிருந்து ஒரேயொரு கடிதம் வந்தது. நீலகிரியில் மீண்டும் தேயிலை மலைதான். இங்கே ‘இந்தியாக்காரன்’ என்றார்கள், அங்கே ‘சிலோன்காரன்’ என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கவிதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாம் பதில் எழுதினோம். மன்னிப்பைக் கடைசிப் பந்தியில் எழுதலாம் என்று எண்ணி, அப்பந்தியை எழுதாமலே அஞ்சலில் சேர்த்தோம். பின்னர் கடிதம் வரவில்லை. 1984இல் அந்தக் கப்பலும் நின்றுவிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம், இந்நாட்டில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. சென்றுவிட்டவர்களைத் திரும்ப அழைக்கும் சட்டம் எந்த நாட்டிலும் இயற்றப்படவில்லை.

இதையெல்லாம் எல்லவிலிருந்து வந்த அந்தப் பிள்ளையிடம் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், “அந்தக் கவித இப்ப இருக்கா சேர்?” என்று கேட்டான். மூன்று காம்பராக்கள் மட்டுமே எம் நினைவில் எஞ்சியுள்ளன என்றோம். மேலே நாம் எழுதியிருப்பவை அவையே.

சென்ற மாதம் அவன் ஒரு கொப்பியோடு மீண்டும் வந்தான். நான்காம் காம்பராவிலிருந்து தொடங்கியிருந்தான். பெயர்கள் இந்நாளைய பெயர்கள். கொழும்பில் கடைச்சிப்பந்தியாகிப் போனவன், குவைத்துக்குப் பணிப்பெண்ணாகச் சென்று குரல் மட்டும் தொலைபேசியில் திரும்பி வருபவள், காணித்துண்டு இல்லாததால் கல்யாணம் தள்ளிப்போனவள். யாப்பு இல்லை; தீர்வும் இல்லை. அவன் வாசித்து முடித்ததும் நாம் ஒரு கருத்தும் கூறவில்லை. அடுத்த காம்பராவில் யார் என்று மட்டும் கேட்டோம்.